நல்ல கைக்கு ஓர் உறை

கரண்டம்மா என்று தனக்கு முதலில் பெயர் வைத்த ஆள் யாரென்று தெரிந்தால், அந்த ஆளுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும்வரை காத்திருந்து, பிடித்த பிறகு ஒரு வாரம் அலையவிட வேண்டும் என்று அந்தப் பிசியோதெரபிஸ்ட்டுக்கு ரொம்ப நாள் ஆசை. இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறாள். பல் டாக்டர் கிளினிக்குக்குக் கீழே தரைத்தளத்தில் இரண்டு அறை. ஒன்றில் இரண்டு கட்டில், சுவரோடு பொருத்திய மர ஏணி, கப்பிக் கயிறு, மணல் மூட்டைகள், ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு ரப்பர் பந்து. இன்னொன்றில் நாற்காலிகளும், நாற்காலிகளில் முகத்தைச் சுளித்துக்கொண்டு மனிதர்களும். இத்தனை சாமான் இருந்தும் வருகிறவர்கள் கண்ணில் படுவது மூலையில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி ஒன்றுதான். நாலு ஒயரும், வலிக்கிற இடத்தில் ஒட்டிக் கரண்ட் பாய்ச்ச நாலு பட்டையும் உள்ள பெட்டி. படுத்தவுடன் கேட்பார்கள்: "கரண்ட் வைக்கலையா?"

கரண்ட் வலியைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கும், அவ்வளவுதான். பாரத்தைத் தாங்க வேண்டியது தசை. இதைக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலத் தினமும் முப்பது பேருக்குச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். முட்டி தேய்ந்தவர்கள், அசைத்தால் இன்னும் தேயும் என்று உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். தொடைத் தசை இளைத்துப்போய், மொத்தப் பாரமும் தேய்ந்த மூட்டிலேயே இறங்கும். "முன்னைக்கு இப்ப ஜாஸ்தியா வலிக்குது" என்று அவளிடமே வந்து புகார் சொல்வார்கள். தோள்பட்டை இறுகிப்போன ஒரு ஆசிரியை, வலிக்கிறதே என்று மூன்று மாதம் கையைத் தூக்காமலேயே இருந்து, கடைசியில் தன் தலையைத் தானே சீவ முடியாத நிலையில் வந்து நின்றார். முகத்தில் ஒரு பக்க நரம்பு சுணங்கி வாய் கோணிப்போன ஒரு பேக்கரிக்காரர், யாரோ சொன்னார்கள் என்று நாளைக்கு நாற்பது பலூன் ஊதிக்கொண்டிருந்தார். நல்ல பக்கம் இன்னும் வலுவாகி, இழுத்த வாய் இன்னும் இழுத்துக்கொண்டு போனது. "பலூனை விடுங்க. கண்ணாடி முன்னாடி உக்காந்து, விரலை வச்சு, மெதுவா அந்தப் பக்கத்தை மட்டும் அசைங்க" என்றால், "அப்போ கரண்ட்?" என்கிறார் அந்தக் கோணல் வாயாலேயே. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். கணவருக்குக் குதிகால் வலி. ஒரு தண்ணீர் பாட்டிலைக் காலடியில் போட்டு உருட்டுங்கள், சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை நீட்டுங்கள் என்று ஆறு மாதமாகச் சொல்கிறாள். பாட்டில் கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிறது. மனிதர் மட்டும் காலையில் எழுந்து நொண்டிக்கொண்டே வந்து, "உன் வைத்தியத்துல ஒண்ணும் கேக்கலையே" என்கிறார்.

இப்படி எரிச்சல் மூக்கு வரைக்கும் ஏறி நிற்கிற ஒருத்தியிடம்தான் சாவிக்காரர் வந்து சேர்ந்தார். வந்து சேர்ந்தார் என்ன, அவள்தான் வாரம் இரண்டு நாள் அவர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

கடைவீதியில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். அதன் மாடிப்படிக்கு அடியில், ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கிற முக்கோண இடத்தில் இருபத்தெட்டு வருஷமாகச் சாவி செய்தவர் அவர். சாவியைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், ஒரு கத்தை அரம், ஆணிகளில் தொங்கும் வெற்றுச் சாவிகள், ஒரு ஸ்டூல். அதுதான் கடை. நாலு மாதம் முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நேரத்தில் மக்கர் செய்தன.

கால் ஓரளவு திரும்பிவிட்டது. இடது கையில் குச்சியை ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். பேச்சும் வந்துவிட்டது, ஆனால் நிதானமாகத்தான் வரும். ஒரு சொல்லைத் தேடிப் பிடித்து, அதைச் சொல்லி முடித்து, அடுத்ததைத் தேடுவார். அதற்குள் அவர் மனைவி வாக்கியத்தை முடித்துக் கையில் கொடுத்துவிடுவார். வலது கை மட்டும் வராமல் மடியிலேயே கிடந்தது.

கட்டட மேனேஜர் நல்ல மனுஷர்தான். நாலு மாதம் இடத்தைப் பூட்டியே வைத்திருந்தார். ஆனால் அவருக்கும் மேலே கேள்வி கேட்க ஆள் இருக்கிறதே. செல்போன் உறை விற்கிற ஒருவர் அந்த இடத்துக்காக நடையாய் நடந்துகொண்டிருந்தார். வருகிற திங்கட்கிழமைக்குள் சாவிக்காரர் உட்கார்ந்து வேலை செய்தால் இடம் அவருக்கு. இல்லையென்றால் உறைக்காரருக்கு. அரம் பிடிக்க வேண்டியது வலது கை. அது வருமா, வராதா என்பதுதான் அந்த வீட்டில் இருந்த ஒரே கேள்வி.

முதல் நாள் போனபோதே கரண்டம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. கட்டிலிலிருந்து எழுப்ப அந்த அம்மா கணவரின் வலது கையைப் பிடித்து, கிணற்றிலிருந்து வாளியை இழுப்பது மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார்.

"அய்யய்யோ! விடுங்க, விடுங்கக்கா! தோளைக் கழட்டிடுவீங்க போல!"

"என்ன டாக்டரம்மா, தினமும் இப்படித்தான் தூக்குறேன்."

"அதான் தினமும் தோள் வலிக்குதுங்கறாரு. அந்தத் தோளைப் பிடிச்சு நிக்கிற தசைக்குத் தெம்பே இல்ல. கை சும்மா தொங்குது. அதைப் போய் இழுத்தா எலும்பு குழியை விட்டு இறங்கத்தான் செய்யும். முதுகுக்குப் பின்னாடி கை குடுத்துத் தூக்கணும். அண்ணா, நீங்க முன்னாடி குனிஞ்சு எந்திரிங்க. நான் டாக்டர் இல்லக்கா, அப்படிக் கூப்பிடாதீங்க."

"சரிங்க டாக்டரம்மா."

அந்த அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. காலையில் பல் தேய்த்துவிடுவதிலிருந்து சட்டை பட்டன், சாப்பாடு, கண்ணாடி துடைப்பது, மூக்கில் அரித்தால் சொறிவதுவரை எல்லாம் அவரே. அவர் செய்யாததை அண்ணாவின் இடது கை செய்துவிடும். வலது கைக்கு வேலையே கிடையாது, சம்பளம் இல்லாத லீவில் இருந்தது.

இரண்டு மாதம் போராடியதில் மணிக்கட்டு கொஞ்சம் மேலே எழும்ப ஆரம்பித்தது. கட்டைவிரலும் இரண்டு விரலும் பாதி திறந்தன. அவ்வளவு அசைவு இருந்தால்தான் அடுத்த வைத்தியம் செய்ய முடியும். அன்றைக்குக் கரண்டம்மா பையிலிருந்து ஒரு கையுறையை எடுத்தாள். சூடான பாத்திரம் இறக்குகிற, தடித்த நீலத் துணியுறை.

"இது எதுக்கு?" என்றார் அந்த அம்மா.

"நல்ல கைக்கு."

"நல்ல கைக்கா? கெட்ட கைக்குத்தானே வைத்தியம்?"

"நல்ல கை இருக்கறவரைக்கும் மூளை கெட்ட கையைத் தேடவே தேடாதுக்கா. எல்லாத்துக்கும் இடது கை இருக்கே, வலது எதுக்குன்னு மறந்தே போயிடும். இடதைப் பூட்டி வச்சாதான் வேற வழியில்லாம வலதைக் கூப்பிடும். காலைல மூணு மணி நேரம், மதியத்துக்கு மேல மூணு மணி நேரம். உக்காந்திருக்கும்போது மட்டும். நடக்கும்போது கழட்டிடணும், குச்சி பிடிக்கணும்ல. அந்த ஆறு மணி நேரமும் டம்ளர் எடுக்கறது, துணி மடிக்கறது, பேப்பர் புரட்டறது, எல்லாம் வலது கைலதான். விழும், கொட்டும், கோவம் வரும். நீங்க கிட்டயே போகக் கூடாது. கஷ்டப்பட்டாதான் கை வரும்."

அண்ணா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சரின்னுதான் சொல்றாரு" என்றார் மனைவி. கரண்டம்மா சுவரில் ஒரு அட்டையை ஒட்டி, நாள் ஒன்றுக்கு ஆறு கட்டம் போட்டு, மணிக்கு ஒரு டிக் அடிக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த மூன்று வாரமும் அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. நாளுக்கு ஆறு டிக், பிசகாமல், ஒரே அளவில். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு அட்டையை அவள் பார்த்ததில்லை. கிளினிக்கில் கழுத்துவலிக்காரர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். "ஒரு வீடு இருக்கு. போய்ப் பாருங்க. ஆறுன்னா ஆறு. உங்களுக்கு அஞ்சு நிமிஷம் தாடையை உள்ள இழுத்துப் பிடிக்க வலிக்குது."

ஆனால் கை மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. வாரம் இரண்டு முறை ஒரு மரப்பலகையில் ஒன்பது சின்னக் குச்சிகளை வைத்து, பொறுக்கிக் குழிகளில் செருகச் சொல்வாள். முதல் நாள் ஒரு நிமிஷத்தில் இரண்டு. மூன்றாவது வாரம் மூன்று. மூன்றாவதும் உள்ளே போகாமல் சாய்ந்து நின்றது. பக்கத்தில் நிற்கும் மனைவி ஒவ்வொரு குச்சிக்கும் "அய்யோ... அய்யோ..." என்று மூச்சை இழுப்பார். அண்ணாவின் நெற்றி வியர்க்கும், விரல்கள் இன்னும் இறுகும். கரண்டம்மா தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை. வைத்தியம் சரி, நோயாளி சரி, டிக் எல்லாம் சரி. பிறகு எங்கே கோளாறு?

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் பலகையை வைத்தாள். மறுபடியும் மூன்று. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எத்தனையோ வீடுகளில் சொல்லிச் சொல்லியும் பழகாத அந்த விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணா, மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றேன்னு நெனைக்காதீங்க. ஆறு மணி நேரம், மூணு வாரம், ஒரு நாள் விடாம செஞ்சிருக்கீங்க. இதுக்கு மேல யாரும் செய்ய முடியாது. அப்படியும் வரலைன்னா, நுணுக்கமான வேலை இந்தக் கைல வரும்னு எனக்குத் தோணல. தோள் இறுகாம பாத்துக்கலாம், நடையை இன்னும் சரி பண்ணலாம். தொழிலுக்கு வேற ஏதாவது யோசிங்க."

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஏதோ சொல்ல வருவது போல இரண்டு முறை கரண்டம்மாவின் முகத்தைப் பார்த்தார். அண்ணா சுவரைப் பார்த்தபடி இருந்தார். அன்று மாலையே அந்த அம்மா மேனேஜருக்குப் போன் செய்து, நாங்கள் இடத்தை விட்டுவிடுகிறோம் என்று சொல்லியும்விட்டார்.

கரண்டம்மாவுக்கு அன்று முழுக்க யார்மீது என்று தெரியாத கோபம். முட்டிவலிக்காரர் ஒருவர் "கரண்ட்?" என்று வாயைத் திறந்ததும், "பிளக்ல கையை விடுங்க, வரும்" என்று சொல்லிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் கிளினிக்கைத் திறந்த பிறகுதான், வந்த வருத்தத்தில் குச்சிப் பலகையை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. மணி பத்தரைக்கு நேரில் போனாள்.

கதவு திறந்துதான் கிடந்தது. கூப்பிட்டும் பதிலில்லை, உள்ளே குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம். சமையலறை வாசலில் போய் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அது இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாத சமையலறை. மேடையின் வலது பக்கம் அந்த அம்மா நின்று முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி அவருடைய வலது கையில். இடது கையில் நீலத் துணியுறை, மணிக்கட்டில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"என்னக்கா இது?"

அந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். உறை போட்ட கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். பிறகு ஒளித்துப் பயனில்லை என்று தெரிந்து முன்னால் கொண்டுவந்தார்.

"திட்டாதீங்க டாக்டரம்மா. முதல் நாள் அவருக்குத்தான் போட்டேன். டம்ளரை எடுக்கப் போயி மூணு தடவை தண்ணியைத் தன் மேலயே கொட்டிக்கிட்டாரு. நாலாவது தடவை கண்ணுல தண்ணி வந்திடுச்சு. முப்பது வருஷத்துல அவரு அழுது நான் பாத்ததில்ல. என்னால முடியல. கழட்டிட்டேன்."

"கழட்டிட்டு?"

"கஷ்டப்பட்டாதான் கை வரும்னு நீங்கதானே சொன்னீங்க. அவருக்காக நான் பட்டுட்டுப் போறேன்னு போட்டுக்கிட்டேன். சத்தியமா சொல்றேன், ஒரு நாள்கூட ஏமாத்தல. ஆறு மணி நேரம்னா ஆறு மணி நேரம். ஒத்தைக் கையாலதான் துணி துவைச்சேன், சமைச்சேன், பாத்திரம் கழுவினேன். தோள் விட்டுப்போச்சு எனக்கு."

கரண்டம்மாவுக்குக் கோபம் மூன்று வாரத்துக்கும் சேர்த்து வந்தது.

"அக்கா, உங்க கைல உறையைப் போட்டா அவரு மூளைக்கு எப்படிக்கா தெரியும்? மாத்திரையும் நீங்களே முழுங்குறீங்களா? அவருக்குப் பதிலா நடக்கவும் நீங்களே போயிடுங்க! அந்த அட்டையை நம்பித்தான் நேத்து அவருகிட்ட கை வராதுன்னு சொல்லிட்டுப் போனேன். ராத்திரி முழுக்க தூக்கமில்ல எனக்கு. ஒரு மனுஷனுக்கு இனிமே தொழில் இல்லன்னு சொல்லியிருக்கேன், வைத்தியமே பண்ணாம! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க கத்துவீங்கன்னு பயந்தேன்."

"கத்தாம? கொஞ்சவா செய்வாங்க?"

அப்போதுதான் அவள் கண் முட்டைக்கோஸின் மேல் விழுந்தது. உறை போட்ட கை பின்னால் போனபோதும், முன்னால் வந்தபோதும், இவள் இத்தனை கத்தியபோதும் முட்டைக்கோஸ் பலகையை விட்டு உருளவில்லை. அதை ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் இடது பக்கம், உறையையே பார்த்துக்கொண்டிருந்தவள் கவனிக்காத இடத்தில், சுவரோடு ஒட்டியபடி அண்ணா நின்றிருந்தார். விழாமலிருக்க இடது கையால் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். மிச்சமிருந்த வலது கைதான் முட்டைக்கோஸின் மேல் இருந்தது. அதன் விரல்கள் அகன்று, உள்ளங்கை அழுந்தி, வேலை தெரிந்த கை மாதிரி இருந்தது.

"கத்தி!" என்று அலறினாள் கரண்டம்மா. "உணர்ச்சி குறைஞ்ச கை அது! அதுக்குப் பக்கத்துல போயிக் கத்தியா? முதல்ல கீழ வைங்கக்கா!"

அந்த அம்மா கத்தியைத் தூர வைத்தார்.

"எத்தனை நாளா இது நடக்குது?"

"எது?"

"இது! இவரு பிடிக்கறது!"

"அதுவா? அது முதல் வாரத்துலேர்ந்தே. ஒத்தைக் கையோட என்னத்த நறுக்கறது? டப்பா மூடி திறக்கறதுக்கு ஒருத்தர் பிடிக்கணும். போர்வை பிழியறதுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் பிடிக்கணும். நான் படற பாட்டைப் பாத்துட்டு அவராதான் எந்திரிச்சு வந்தாரு. வேண்டாம்னு எத்தனையோ சொன்னேன். பலகைல குச்சி பொறுக்கறதுதானே பயிற்சி, இது வீட்டு வேலைதானே, அதை எதுக்கு உங்ககிட்ட சொல்லணும்?"

கரண்டம்மா வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். ஒட்டினாற்போல் நிற்க மட்டும் இடமுள்ள சமையலறை. இடது கை கம்பியில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் ஒருத்தி ஒற்றைக் கையோடு தடுமாறுகிறாள். மூன்று வாரமாக அந்த வலது கைக்கு வேறு வழியே இருந்திருக்கவில்லை. அவள் சொன்ன வைத்தியம் அவளுக்குத் தெரியாமலேயே நடந்திருக்கிறது, அதுவும் அவள் சொன்ன மாதிரி இல்லாமல்.

"அப்போ பலகைல ஏன் வரல? மூணு குச்சிக்கு மேல ஏன் போகல?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். "பொறுக்கறது வேற, பிடிக்கறது வேற. நான் பொறுக்கறதை மட்டும்தான் பாத்திருக்கேன். ஆனாலும் அக்கா, நீங்க என்கிட்ட..."

"போதும்."

இரண்டு பேரும் திரும்பினார்கள். அண்ணா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"என் கை," என்றார். மனைவி அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். அவர் தலையை ஆட்டியதும் மூடிக்கொண்டார். "என் கையைப் பத்தி... நீ ஒரு முடிவு பண்ணுற. இவங்க ஒரு முடிவு பண்ணுறாங்க. என்கிட்ட... யாரு கேட்டீங்க?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்கும் அதை மூடத் தோன்றவில்லை.

"நான் குச்சி பொறுக்கறவனா? சொல்ல வந்தேன். எத்தனை தடவை சொல்ல வந்தேன். சாவியை வைஸ் பிடிக்கும். நான் அரத்தை... இறுக்கிப் பிடிச்சு... தள்ளணும். அவ்வளவுதான் என் வேலை. அதை யாராவது... பரீட்சை பண்ணுனீங்களா?" மூச்சு வாங்கினார். "அழுதேன். ஆமா, அழுதேன். ஒரு நாள் அழுதா என்ன? செத்தா போயிடுவேன்? அதுக்கு நீ போயி... உறையை மாட்டிக்கிட்டு..." மேலே சொல் கிடைக்கவில்லை. கிடைக்காத சொல்லுக்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள். முதல் தடவையாக யாரும் அதை அவர் வாயில் வைக்கவில்லை.

"திங்கக்கிழமை போறேன்" என்றார்.

"திங்கக்கிழமையா? நடுவுல ஒரே ஒரு நாள்தான்ணா இருக்கு!"

"போறேன்."

"இடத்தை விட்டாச்சுன்னு நான் போன்ல சொல்லிட்டேங்க" என்று மனைவி மெல்ல இழுத்தார்.

"நீதானே சொன்ன? நான் சொல்லலையே."

திங்கட்கிழமை காலை கரண்டம்மா கிளினிக்கை மூடினாள். வாசலில் நின்ற முட்டியும் முதுகும் கழுத்தும் கூடி ஒரு கலவரமே நடத்தின. "ஒரு நாள் கரண்ட் இல்லாட்டி ஒண்ணும் ஆகாது, போய் வீட்டுல காலை நீட்டி மடக்குங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வீட்டில் இருந்து ஒரே ஒரு காரியத்தைத்தான் அவளால் செய்ய முடிந்தது. அரத்தின் மெல்லிய பிடியைச் சுற்றிப் பழைய துணியை வரிந்து, மேலே சைக்கிள் டியூப் ரப்பரைக் கட்டி, வாழைப்பழம் பருமனுக்கு ஆக்கிக் கொடுத்தாள். முழுதாக மூடாத விரல்களுக்குப் பருமனான பிடிதான் சௌகரியம். மற்றதெல்லாம் அவர் பாடு.

மாடிப்படிக்குக் கீழே செல்போன் உறைக்காரர் தன் கண்ணாடி அலமாரியோடு தயாராக நின்றிருந்தார். மேனேஜர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"அண்ணா, அக்கா போன்ல வேற மாதிரி சொன்னாங்களே..."

"வேலை குடு. செஞ்சா இருக்கேன். இல்லன்னா... போறேன்."

மேனேஜர் கொஞ்சம் யோசித்துத் தன் அலுவலக அறைச் சாவியைக் கழற்றி, அதே மாதிரி இன்னொன்று செய்யச் சொல்லிக் கொடுத்தார். அண்ணா குனிந்து, முக்கோணத்துக்குள் நுழைந்து, ஸ்டூலில் உட்கார்ந்தார். இடது கையால் வெற்றுச் சாவியை வைஸில் இறுக்கினார். வலது கையில் அரத்தை வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மூடினார். முதல் தள்ளலிலேயே அரம் வழுக்கித் தரையில் விழுந்தது.

மனைவி பாய்ந்தார். கரண்டம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"நகரக் கூடாது."

"எடுத்து மட்டும் குடுக்கறேன்."

"ஒண்ணும் வேண்டாம்."

அண்ணா குனிந்து எடுத்தார். எடுப்பதற்கே மூன்று நிமிஷம் ஆனது. மறுபடி தள்ளினார், மறுபடி விழுந்தது. மொத்தம் நாலு முறை விழுந்தது. ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவின் நகம் கரண்டம்மாவின் கையில் பதிந்தது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், அவர்களை மேனேஜரே விரட்டினார். முக்கால் மணி நேரம் கழித்து அரம் ஒரே சத்தத்தில் போய்வர ஆரம்பித்தது. பழைய வேகம் இல்லை, பாதி வேகம்கூட இல்லை, ஆனால் நிற்கவில்லை. கரண்டம்மா, தன் சந்தோஷத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வேண்டுமென்றே எரிந்து விழுந்தாள்: "அண்ணா, தோளைத் தூக்காதீங்க. முழங்கையிலேர்ந்து தள்ளுங்க. எத்தனை தடவை சொல்றது!"

ஒன்றேகால் மணி நேரத்தில் சாவி முடிந்தது. மேனேஜர் அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். கீழே உறைக்காரர்கூட அலமாரியைத் துடைப்பதை நிறுத்தினார். மேலே பூட்டில் சாவி நுழைகிற சத்தம், பிறகு கடகடவென்று ஒரு சத்தம், பிறகு கதவு.

மேனேஜர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். "திறந்திடுச்சுண்ணா! கொஞ்சூண்டு ஆட்ட வேண்டியிருக்கு, அவ்வளவுதான். பரவால்ல." உறைக்காரர் பக்கம் திரும்பினார். "இந்த இடம் காலியில்லைங்க. நீங்க வாங்க, பின்பக்கம் ஒரு மூலை இருக்கு, காட்டுறேன்."

அந்த அம்மா கரண்டம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அண்ணாவுக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மேனேஜரைப் பார்த்தார்.

"ஆட்டணுமா? ஆட்டணும்னா... அது சாவியே இல்ல. குடு இங்க."

அவர் கையை நீட்டினார். யாரும் சொல்லாமல், இடது கை மடியில் சும்மா இருக்க, வலது கை தானாகவே நீண்டு உள்ளங்கையை விரித்தது. அவருக்கே அது தெரியவில்லை. பார்த்துவிட்ட அந்த அம்மா "ஏங்க..." என்று வாயைத் திறந்தார். கரண்டம்மா அவரை நறுக்கென்று கிள்ளி, பேசாமல் இருக்கச் சொன்னாள்.